சூப்பைப் பார்க்காதவளின் மகள்

நோரீன் ஆக்ராய்டுக்குக் கோபம் வந்தால் ஸ்கெல்பி ஊரே ஒதுங்கி நிற்கும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவள். பிள்ளைகளுக்கு ஊற்றும் குழம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம் என்று சொன்ன அதிகாரியின் கோட்டின் மேல் அந்தக் குழம்பையே ஒரு கரண்டி ஊற்றி, "நிக்குதா வழியுதான்னு நீங்களே பாருங்க" என்று சொன்னவள். வேலை போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிகாரிதான் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வருகிற மாதம் அவளுக்கு எண்பது முடிகிறது. கோபத்துக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரோடு சேர்ந்து கத்தவும் செய்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

விஷயம் ஒரு சினிமா. 'சங்கு ஊதும்வரை' என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட, குண்டு செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் ஆறு பெண்களின் கதை. தொழிற்சாலை வாசலையும் தெருவையும் ஸ்கெல்பியில்தான் படம் பிடித்தார்கள். அதனால் 'சங்கு நண்பர்கள்' என்று ஒரு ரசிகர் சங்கம் வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இங்கே மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் கூடும். லீட்ஸிலிருந்து வருவார்கள், நாட்டிங்ஹாமிலிருந்து வருவார்கள், லண்டனுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட வருவார்கள். அறுபது எழுபது பேர் தேறும்.

வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. தலையில் முடிச்சுப் போட்ட துணி, தொழிற்சாலை மேலங்கி, தகரத் தொப்பி, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. காலுறை கிடைக்காத அந்த நாளில் பெண்கள் கெண்டைக்காலில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார்களாம். இப்போது எழுபது வயதுப் பெண்கள் கழிப்பறையில் ஒருத்தி காலை ஒருத்தி பிடித்துக் கோடு போட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்கள். வசனம் முழுக்க எல்லோருக்கும் மனப்பாடம். திரையில் விமானத் தாக்குதல் சங்கு அலறினால் அத்தனை பேரும் மேசைக்கடியில் நுழைவார்கள், மூட்டுவலிக்காரர்கள் மட்டும் குனிகிற மாதிரி பாவனை செய்வார்கள். சாப்பாட்டுக்கூடக் காட்சி முடிந்து ஆலைச் சங்கு ஊதியதும், படம் ஓட்டும் ராய்ஸ்டன் அதை நிறுத்துவார். தகரக் குவளையில் டர்னிப் கிழங்கு சூப் வரும். சூப் நோரீனின் பொறுப்பு.

சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால்தான் அந்த இடம். முன்னால் கதாநாயகி உட்கார்ந்து கடிதம் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவது மேசையில் ஒரு பெண் சூப் குடித்துக்கொண்டிருப்பாள். கரண்டி பாதி வழியில் நிற்கும். தலையைத் தூக்கி நேரே கேமராவைப் பார்ப்பாள். மூன்று விநாடி. அப்புறம் காட்சி மாறிவிடும். படம் எடுத்தவர்கள் கவனிக்காமல் விட்ட பிழை என்று ரசிகர்களுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். அந்த மூன்று விநாடிக்காகவே காத்திருந்து, அறுபது தொண்டையும் ஒன்றாகக் கத்தும்:

"சூப்பைப் பாருடி, முட்டைக்கண்ணி!"

அந்த முட்டைக்கண்ணிதான் ஹெட்டி சக்டன். நோரீனின் அம்மா.

நோரீன் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்ததே இந்தக் கூடத்தில்தான். அம்மா இருந்தவரை வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. படம் எடுக்க வந்தவர்கள் மூன்று நாள் ஸ்கெல்பியில் இருந்தார்கள், தொழிற்சாலைப் பெண்களையே உட்காரவைத்துப் பிடித்தார்கள், யாரும் கேமராவைப் பார்க்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அப்படியும் ஹெட்டி பார்த்தாள். படம் ஊருக்கு வந்தபோது தியேட்டரே சிரித்தது. மேஸ்திரி மறுநாள் எல்லோர் முன்னாலும் அவளைப் போல முழித்துக் காட்டினார். "நான் செத்தப்புறமும் இதை யார்கிட்டயும் சொல்லாத, நோரீன்" என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏன் பார்த்தாள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

அம்மா செத்துப் பதின்மூன்று வருஷம் கழித்துச் சங்கம் ஊருக்கு வந்தது. சூப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இருபது வயசு அம்மாவை ஒரு தரமாவது பார்த்துவிடலாம் என்று நோரீன் போனாள். பார்த்தாள். அதே நொடியில் கூடமே கத்தியது. இவளும் சிரிக்கிறாளா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். அடுத்த வருஷம் கத்தினாள். பழகிப்போயிற்று. வருஷத்துக்கு மூன்று விநாடி அம்மா முகத்தைப் பார்க்க அதுதான் விலை என்று நினைத்துக்கொண்டாள். நல்ல விலை!

இந்த வருஷம் படத்துக்கு எண்பது வயது. டர்னிப் வெட்டக் காலையிலேயே மேவிஸோடு கூடத்துக்குப் போன நோரீன், வாசலில் ஒரு பலகையைப் பார்த்தாள். கடற்கரை ஊர்களில் வைத்திருப்பார்களே, பருத்த பெண்ணின் உடம்பை வரைந்து முகத்தில் ஓட்டை போட்டு, பின்னால் நின்று தலையை நீட்டிப் படம் பிடித்துக்கொள்ள, அந்த மாதிரிப் பலகை. சாப்பாட்டுக்கூட மேசை, மேலங்கி, தலைத்துணி, கையில் பாதியில் நின்ற கரண்டி. எல்லாம் அச்சு அசலாக இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை. மேலே பெரிய எழுத்தில் 'நீங்களும் முழியுங்கள்!'

தகரத் தொப்பிக்காரர் ஒருவர் அந்த ஓட்டையில் தலையை விட்டுக் கண்ணை உருட்டி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நோரீன் மேவிஸ் பக்கம் திரும்பினாள்.

"டெஸ்மண்ட் எங்க?" என்றாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் மேவிஸ். நாற்பது வருஷத் தோழி. அந்தக் குரலைக் கேட்டால் கரண்டியை ஒளித்துவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சங்கத் தலைவர் டெஸ்மண்ட் மேடைமேல் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். படத்தைப் பற்றி அறுபது பக்கத்தில் புத்தகம் போட்டவர். படத்தில் வரும் பூனை எந்தத் தெருப் பூனை என்பதுவரை எழுதியிருந்தார்.

"அந்தப் பலகையை எடுங்க" என்றாள் நோரீன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு! ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. நீங்களும் ஒரு படம் எடுத்துக்கோங்க நோரீன், உங்களுக்கு ஓசிதான்."

"அது எங்கம்மா."

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் காட்டுகிற பொறுமை முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"நோரீன், நீங்க வருத்தப்படக்கூடாது. வெளிக்காட்சிதான் இங்க எடுத்தது. சாப்பாட்டுக்கூடம் லண்டன்ல செட் போட்டு எடுத்தது. துணை நடிகைங்க. பக்கம் பதினாலுல தெளிவா எழுதியிருக்கேன்."

"பக்கம் பதினாலு தப்பு."

"படத்துல நமக்கு ஒரு சொந்தம் இருக்கணும்னு நம்ம எல்லாருக்குமே ஆசைதான். போன வருஷம் ஒரு அம்மா வந்து அந்தப் பூனை எங்க பூனைன்னாங்க."

"பூனையும் எங்கம்மாவும் ஒண்ணா?"

"ஆதாரம் இருந்தா காட்டுங்க, திருத்திடலாம். இருபத்திரண்டு வருஷமா சொல்லாம இன்னிக்கு வந்து சொன்னா..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். "நீங்களே கத்துவீங்களே நோரீன். எல்லாரையும் விடச் சத்தமா."

நோரீனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தக் கோபத்தில் டெஸ்மண்டுக்குக் கால் பங்கு, தனக்கு முக்கால் பங்கு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மேலங்கியைக் கழற்றி மேவிஸ் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தாள்.

"ஏய், டர்னிப்பு?"

"நீ வெட்டு. வரேன்."

வீடு இரண்டு தெரு தள்ளி. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைக்கூட எடுக்கவில்லை. மாடியில் அலமாரிக்கு மேல் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்தாள். கல்யாணப் படம், அம்மாவின் தொழிற்சாலை அட்டை, ராணுவத்திலிருந்து வந்த தந்தி, நான்காக மடித்த ஒரு கடிதம். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் மத்தியானமாகிவிட்டது, அதைக் கைப்பையில் வைத்தாள். "சத்தியத்தை மீறுறேன்மா. திட்டணும்னா திட்டிக்க" என்று காலிக் கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவள் வந்தபோது படம் ஓட ஆரம்பித்திருந்தது. கூடம் இருட்டு. மேவிஸ் சூப் கொதிக்கும் பெரிய பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வசனத்தைத் திரைக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபாயச் சங்கு வந்தது, மேசைக்கடியில் புகுந்தார்கள், யாரோ தகரத் தொப்பியை இடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள். நோரீன் அடுப்பை அணைத்தாள்.

"என்னடி பண்ற? இன்னும் பத்து நிமிஷத்துல குவளையில ஊத்தணும்."

"ஆறட்டும்."

நேரே ராய்ஸ்டனிடம் போனாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அதிகம் பேசாத மனுஷர், கம்ப்யூட்டர் முன்னால் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராய்ஸ்டன், இந்தத் தடவை சங்குல நிறுத்தாதீங்க. அந்தப் பொண்ணு தலையைத் தூக்குறப்ப நிறுத்துங்க."

"டெஸ்மண்ட் கொன்னுடுவாரே."

"அவரை நான் பாத்துக்கிறேன்."

ராய்ஸ்டன் அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார்.

நோரீன் நடுவழியில் நடந்து போய்த் திரைக்குக் கீழே நின்றாள். "யாரும்மா அது, தலை மறைக்குது!" "உக்காருங்க!" "சூப்புக்கு இன்னும் நேரமிருக்கு!" என்று நாலாபக்கமும் குரல் கிளம்பியது. அவள் நகரவில்லை. கதாநாயகி கடிதத்தைப் பிரித்தாள். எல்லோரும் மூச்சை இழுத்துத் தயாராவது அவளுக்குக் கேட்டது. பின்னால் மூன்றாவது மேசையில் கரண்டி நின்றது.

"சூப்பைப் பாருடி, முட்..."

படம் நின்றது. கத்தல் பாதியில் அறுந்தது. ராய்ஸ்டன் தன்பாட்டுக்கு அந்த முகத்தைப் பெரிதாக்கிவைத்திருந்தார். அதை அவள் கேட்கவே இல்லை. மேலே அம்மா, இருபது வயது. கீழே மகள், எண்பது. அதே அகலக் கண், அதே மேல் உதடு. முன்வரிசையில் ஒருத்தி, "அட கடவுளே" என்றாள்.

"இவங்க பேரு ஹெட்டி சக்டன்" என்றாள் நோரீன். சாப்பாட்டுக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளை அடக்கிய குரல். மைக் தேவைப்படவில்லை. "எங்கம்மா. லண்டன் நடிகை இல்ல. இதோ இந்தத் தெருக்கோடித் தொழிற்சாலையில குண்டுக்கு மருந்து அடைச்சவங்க. அந்த மருந்து பட்டு முடி மஞ்சளாப் போச்சு, கை மஞ்சளாப் போச்சு. கறுப்பு வெள்ளையில உங்களுக்கு எங்க தெரியப்போகுது? நீங்க தலையில துணி கட்டிக்கிட்டு வேஷம் போடுறீங்க. அவங்க மஞ்ச முடியை மறைக்கக் கட்டினாங்க."

"நோரீன், இதை அப்புறம் தனியா..." என்று எழுந்தார் டெஸ்மண்ட்.

"உக்காருங்க. ஆதாரம் கேட்டீங்கல்ல?"

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"படமெடுக்க வந்தவன் ரெண்டு விஷயம் சொன்னான். கேமராவைப் பாக்காதீங்கன்னான். இந்தப் படத்தை வெளிநாட்டுல நம்ம பசங்களுக்கும் போட்டுக் காட்டுவோம்னான். எங்கம்மா காதுல ரெண்டாவதுதான் விழுந்துச்சு. எங்கப்பா வில்ஃப் அப்ப இத்தாலியில இருந்தாரு. பிழையும் இல்ல மண்ணும் இல்ல. புருஷனைப் பாத்தாங்க. கேளுங்க, அவர் எழுதினது."

படித்தாள்.

"'ஹெட்டி கண்ணு, நேத்து ரெண்டு லாரிக்கு நடுவுல போர்வையைக் கட்டிப் படம் போட்டாங்க. நம்ம தெரு வந்துச்சு. அப்புறம் நீ வந்தே. கரண்டியை நிறுத்திட்டு என்னைப் பாத்தே. பின்னாடி இருந்தவனுங்க விசிலடிச்சானுங்க. என்னடி முறைக்கிறன்னு ஒருத்தன் கத்தினான். நான் எந்திரிச்சு, வாயை மூடுங்கடா, அது என் பொண்டாட்டின்னேன். அப்புறம் ஒரு சத்தமில்ல. படம் ஓட்டுனவன் பின்னாடி ஓட்டி, மறுபடி மறுபடி போட்டுக் காட்டினான். மூணு தடவை. நீ என்னைத்தான் பாத்தே, எனக்குத் தெரியும். சூப்பு ஆறிப்போயிருக்குமே, அப்புறமாவது குடிச்சியா?'"

மடித்தாள்.

"இது வந்து சேர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி தந்தி வந்துடுச்சு. அப்ப நான் பொறந்து மூணு மாசம். எங்கப்பாவை நான் பாத்ததில்ல, அவர் என்னைப் பாத்ததில்ல. இத்தாலியில அந்தப் பசங்களுக்கு ஒரு தடவை சொன்னா போதும்னு இருந்துச்சு. நாம இருபத்திரண்டு வருஷமா கத்துறோம். நானும் கத்தினேன். பெத்த தாயைப் பாத்து முட்டைக்கண்ணின்னு கத்தினேன். உங்க மேல எவ்வளவு கோபமோ அதைவிட என் மேல எனக்குக் கோபம். அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல. ஆனா வாசல்ல வெச்சிருக்கீங்களே, எங்கம்மா முகத்தை வட்டமா வெட்டி எடுத்துட்டு ஒரு ஓட்டை! அதுல தலையை விட்டு நாக்கைத் துருத்தினவங்க யாரு? கை தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. தகரத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி போனைக் கையில் எடுத்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

"ராய்ஸ்டன், மூணு தடவை" என்றாள் நோரீன்.

ராய்ஸ்டன் பின்னால் ஓட்டினார். கரண்டி எழுந்தது, நின்றது, ஹெட்டி பார்த்தாள். கூடத்தில் சத்தமே இல்லை. நோரீன் ஒரு ஓரமாக நகர்ந்து நின்று, முதல் தடவையாக அந்த மூன்று விநாடியையும் முழுசாகக் காதால் கேட்டாள். தட்டுகள் உரசும் சத்தம், யாரோ இருமுவது, தூரத்தில் ஒரு பெண் சிரிப்பது. இத்தனை வருஷமும் கத்தலில் அமுங்கிப்போன சத்தங்கள். எத்தனை ஜனவரியை இப்படி நாசம் பண்ணியாயிற்று!

இரண்டாம் தடவை.

மூன்றாம் தடவை பின்னாலிருந்து மேவிஸின் குரல் வந்தது. "நோரீன், அவங்க இன்னொரு கையைப் பாருடி. மேசைக்குக் கீழ. வயித்து மேல வெச்சிருக்காங்க."

"தெரியும்" என்றாள் நோரீன். "உள்ள இருக்கிறது நான்தான்."

சங்கு ஊதியது. ராய்ஸ்டன் வழக்கம்போல் நிறுத்தி விளக்கைப் போட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நோரீன் விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மழையில் கொண்டுபோய்க் குப்புறத் தள்ளினாள். உதவிக்கு ஓடிவந்த தகரத் தொப்பிக்காரரை, "நீங்க போங்க, போதும்" என்று விரட்டிவிட்டாள். உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு, ஆறிப்போன சூப்பை ஆறினபடியே குவளைகளில் ஊற்றினாள். ஒருத்தரும் சுடவைக்கச் சொல்லவில்லை. தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் டெஸ்மண்ட் வந்தார். குவளையை நீட்டி வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"நோரீன், பக்கம் பதினாலை மாத்திடறேன். தப்பு என்னோடதுதான்."

"சரி."

"அந்தக் கடிதம்... எப்பேர்ப்பட்ட கடிதம்! ஒரே ஒரு நாள் கொடுத்தீங்கன்னா பிரதி எடுத்துட்டு, பெருசாப் பண்ணி, அந்தப் பலகை இருந்த இடத்துல வாசல்லயே வெச்சோம்னா, அடுத்த வருஷம் வர்றவங்க எல்லாம் முன்னாடி நின்னு படம் எடுத்துக்க..."

நோரீன் கைப்பையை மூடினாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். தலையைத் தூக்கி, அம்மாவின் அதே கண்ணால் அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சூப்பைப் பாருங்க, டெஸ்மண்ட்" என்றாள்.